கை தட்டாதீர்கள்

ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் உன் மகள் ரேடியோவும் சுகம். எனக்கு வழக்கமான முட்டிவலி, அவளுக்கு வழக்கமான வாய். நீ எப்படி இருக்கிறாய்? மலையைக் குடைகிற தூசியெல்லாம் உன் நெஞ்சுக்குள்தான் போகும். முகமூடியை மூக்கில் போடுகிறாயா, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கதை அளக்கிறாயா? உன் கடிதங்களை எழுதித் தந்து, என் கடிதங்களைப் படித்துக் காட்டும் எலக்ட்ரீஷியன் கரண்டு அண்ணனையும் விசாரித்ததாகச் சொல். ஒரு தடவை கண்ணாடி உடைந்தது என்கிறாய், ஒரு தடவை கையில் கொப்புளம் என்கிறாய். எத்தனை வருஷமாக உன்னை அடுத்தவர் கையெழுத்திலேயே பார்ப்பது? சுத்தச் சோம்பேறி.

ஒரு சேதி. பள்ளியில் என்னை ஓர் ஆன்லைன் பயிற்சியில் சேர்த்திருக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்று ஒன்று உண்டு. அறிவுக்கு ஒரு குறையும் இருக்காது, எழுத்தைப் படிப்பது மட்டும் மலை ஏறுவதாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி. சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் டீச்சர்கள். போன வாரம் ஒருத்தி மைக்கை அணைக்க மறந்து வீட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் எங்கே ஈரத்துண்டைப் போட்டார் என்பதுவரை எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. பயிற்றுநர் அம்மா சிரிக்காமல், "இன்னைக்குப் பாடம் கவனிச்சுக் கேட்பது. எல்லாரும் ரொம்ப நல்லாக் கேட்டீங்க" என்றார்.

நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான். வீட்டில் ஒருவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது முதல் வீட்டுப்பாடம். ரேடியோ பாடப்புத்தகத்தோடு நிமிர்ந்து நின்று, செய்தி வாசிக்கிற குரலில் பொரிந்து தள்ளினாள். ஏழாம் வகுப்பில் இப்படி ஒரு வாசிப்பா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன அண்ணா. திறக்காத பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து வாசித்திருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் தோழி ஒரு தடவை படித்துக் காட்டுவாளாம். இவளுக்கு அது போதும். "எனக்குக் காதுல விழுந்தாப் போதும் அத்தை, பார்க்க வேண்டியதே இல்ல" என்று பெருமையாகத்தான் சொன்னாள். புதுப் பக்கம் ஒன்றைக் கொடுத்தேன். முதல் வரியிலேயே வேர்த்துவிட்டது. "எல்லா எழுத்தும் ஒரே நேரத்துல பேசுது அத்தை. எதைக் கேட்கறதுன்னே தெரியல" என்றாள். அவள் அம்மா போன நாளிலிருந்து என் மடியில் வளர்ந்தவள். நான் ஒரு டீச்சர். எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்கு ஒரு மாணவரை வைத்துப் பழக வேண்டும். இவளையே வைத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் அவள் வாசிப்பது எப்படி இருக்கிறது என்று ஒரு வீடியோவும் அனுப்ப வேண்டுமாம். பயிற்றுநர்கள் மட்டும் பார்ப்பார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கேட்கிறார்கள். உன் சம்மதம் வேண்டும். உடனே பதில் போடு.

ரேடியோ செய்திகள் (அவள் சொல்ல, நான் எழுதுவது): "வணக்கம். நேத்து அத்தை பாலைப் பொங்க விட்டாங்க, பழி என் மேல விழுந்துச்சு. பக்கத்து வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டிருக்கு, அப்பா யாருன்னு விசாரணை நடக்குது. பள்ளி ஆண்டு விழாவுக்கு இந்த வருஷமும் நான்தான் அறிவிப்பாளர். மலையில இருக்கற அப்பா முகமூடி போடணும்னு அறிவுறுத்தப்படுது. செய்திகள் முடிந்தன."

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

—

ஜூன் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் பதில் வரவில்லை. கம்பெனி அலுவலகத்தில் விசாரித்தேன். மண் சரிந்து சாலை மூடியிருக்கிறது, தபால் லாரி பாதி வழியில் நிற்கிறது என்றார்கள். ஃபோனும் எடுக்காத மலையில் போய் வேலை பார்க்கிறாயே, உன்னை என்ன சொல்ல.

கோபித்துக்கொள்ளாதே, வீடியோவை அனுப்பிவிட்டேன். கெடு முடிய இருந்தது. நீ வேண்டாம் என்று சொல்ல மாட்டாய் என்று தோன்றியது. முன்னறையில் நீலச் சுவருக்கு முன்னால் அவளை உட்காரவைத்து எடுத்தேன். அவளுக்கு இஷ்டமே இல்லை. "யாருக்கும் காட்டக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்றாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பயிற்றுநர் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. "இவ்வளவு உண்மையா ஒரு வீடியோ நான் பார்த்ததே இல்லை. ஒரு நொடியைக்கூட வெட்டாதீங்க" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

பாடம் நடக்கிறது. சொரசொரப்புத் தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி விரலால் தடவச் சொல்கிறேன். சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மேசையில் ஒரு தட்டு. படிக்கிற வரி மட்டும் தெரியும்படி மற்றதை அட்டையால் மறைத்துவிடுகிறேன். இரண்டு பேரும் மேசையைத் தட்டுவதைப் பார்த்து, வீட்டில் கச்சேரியா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார்.

நேற்று கடைக்குப் போகும்போது தெருமுனை மின்பெட்டிக்கு முன்னால் நின்றாள். தொடையில் தட்டித் தட்டி, "அ...பா...யம்" என்று படித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "இத்தனை வருஷமா அந்த மண்டையோட்டைப் பார்த்து ஏதோ கடை விளம்பரம்னு நெனச்சேன் அத்தை" என்றாள். நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரேடியோ செய்திகள்: "வணக்கம். அத்தை தெருவில அழுதாங்க, பொதுமக்கள் வேடிக்கை பார்த்தாங்க. பூனைக்குட்டியில ஒண்ணு நம்ம வீட்டுக்கு வரலாம்னு நம்பத்தகுந்த வட்டாரம் சொல்லுது. அப்பா, மலை சரிஞ்சா நீங்க சரியாதீங்க. செய்திகள் முடிந்தன."

சாலை திறந்ததும் முதல் கடிதம் உன்னுடையதாக இருக்கட்டும்.
உன் தங்கை

—

ஜூன் 20
(சாலை மூடியிருக்கிறது. இது எப்போது வந்து சேருமோ.)

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் என்னைவிட நன்றாக இருக்கிறது. உன் முட்டிக்கு எண்ணெய் போட்டு நீவு, மாத்திரையை நம்பாதே. பாறை துளைக்கிற மெஷினில்தான் இன்னும் இருக்கிறேன். காது மந்தமாகிவிட்டது. மகளுடைய செய்தியை மட்டும் கரண்டை இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பூனை விசாரணை என்ன ஆயிற்று என்று மெஸ் வரைக்கும் கேட்கிறார்கள்.

நீ எழுதிய விஷயம். பிள்ளைக்குச் சொல்லிக்கொடு. நன்றாகச் சொல்லிக்கொடு. ஆனால் படம் பிடிக்காதே. அவள் தடுமாறுவதை யாரும் பார்க்க வேண்டாம். பயிற்றுநரோ பெரிய மனுஷரோ, யாரும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே. படம் பிடிக்காதே.

(அம்மா, நான் கரண்டு எழுதுகிறேன். இந்த இடத்தை உங்கள் அண்ணன் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார். சரியாக எழுதியிருக்கிறேனா என்று அவருக்குச் சந்தேகம்.)

வேறு விசேஷம் இல்லை. பத்திரம்.
அண்ணன்

—

ஜூலை 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமே வேண்டும். சாலை திறந்து உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நான் இடையில் எழுதியதும் உன் கைக்குக் கிடைத்திருக்கும். என்ன செய்ய, நீ வேண்டாம் என்று சொல்வதற்குள் வீடியோ போய்விட்டது. இவ்வளவு பதறாதே. வெளியாள் யாரும் பார்க்க மாட்டார்கள். பாதுகாப்பாக இருக்கிறது என்று பயிற்றுநர் அம்மா உறுதி சொல்லியிருக்கிறார்.

இந்த வாரம் பாடம் பெரியவர்களைப் பற்றி. சின்ன வயதில் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள், வளர்ந்த பிறகு எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டே போனார். "கண்ணாடி கொண்டுவரலைம்பாங்க. கை வலிக்குதும்பாங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கு, நீங்களே எழுதிடுங்கம்பாங்க. வீட்டு ஆளுங்க சோம்பேறின்னு நெனச்சுட்டு விட்டுடுவாங்க." நான் கேமராவை அணைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். திரும்பி வரும்போது பாடம் முடிந்திருந்தது.

உன் கண்ணாடி இப்போது எப்படி இருக்கிறது அண்ணா? அவசரம் இல்லை. உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். முன்பு ஒரு கடிதத்தில் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன். அதை எடுத்துக்கொள்ளாதே.

ரேடியோ செய்திகள்: "வணக்கம். குட்டி வீட்டுக்கு வந்தாச்சு, பேரு இன்னும் முடிவாகல. நான் பால் பாக்கெட்டுல முழு வரி படிச்சேன், காலாவதியாகி ரெண்டு நாளாச்சு. அதுக்குள்ள அத்தை குடிச்சுட்டாங்க. நலமா இருக்காங்க. செய்திகள் முடிந்தன."

இருமலுக்கு வெந்நீர் குடி.
உன் தங்கை

—

ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நலமா?

பயிற்சி முடிந்தது. எனக்குத்தான் முதலிடம். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுத் தலைமையாசிரியர் அறையிலேயே மாட்டியிருக்கிறார்கள். அடுத்த அணிக்கு என்னை உதவிப் பயிற்றுநராக இருக்கச் சொன்னார்கள். சரி என்றேன். அந்த அணியும் தொடங்கி மூன்று வாரமாகிறது.

வெயில் அதிகம். தண்ணீர் சரியாக வருவதில்லை. பூனைக்குட்டி வளர்கிறது.

ரேடியோவுக்குத் தொண்டை சரியில்லை. அதனால் இந்த முறை செய்திகள் இல்லை. கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

உன் தங்கை

—

செப்டம்பர் 12

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. வெயிலையும் தண்ணீரையும் பற்றி நீ எழுதி நான் கேட்டதே இல்லை. தொண்டை கட்டினாலும் பேசுகிறவள் என் மகள். காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் காய்ச்சலைப் பற்றிச் செய்தி வாசித்தவள். அவளுக்கு என்ன?

கரண்டு படித்துக் காட்டுவதால் எழுதத் தயங்குகிறாய் என்று நினைக்கிறேன். தயங்காதே. அவன் காதில் போட்டால் கிணற்றில் போட்ட கல். (ஆமாம் அம்மா. - கரண்டு)

கண்ணாடி கேட்டாய். எனக்குக் கண்ணாடி எந்தக் காலத்திலும் கிடையாது. கொப்புளமும் கிடையாது. என் பெயரைத் தவிர எனக்கு எழுதத் தெரியாது. அதுவும் எழுத்தாக இல்லை, படமாகத்தான் மனதில் இருக்கிறது. அப்பா அடித்ததால் பள்ளியை விட்டேன் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ அப்போது கைக்குழந்தை. நான் நாலாவது படித்தபோது பள்ளிக்கு யாரோ அதிகாரி வந்தார். உயரமாக இருக்கிறேன் என்று என்னை வெளியே கூப்பிட்டு, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வரிகூட வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இரண்டு பேரை மொத்திவிட்டு மறுநாளும் பள்ளிக்குப் போயிருப்பேன். "பாவம், விடுங்க" என்றார்கள். அந்தப் பாவத்துக்குப் பயந்துதான் மறுநாள் செங்கல் தூக்கப் போனேன். இன்றுவரை தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் படம் வேண்டாம் என்றேன். இப்போது நீ சொல். மறைக்காமல் சொல்.

அண்ணன்

—

அக்டோபர் 3

அண்ணா,

நலம் என்று எழுதினால் அது பொய். நீ கேட்டாய், சொல்கிறேன். கரண்டு அண்ணன் நிறுத்தாமல் படிக்கட்டும்.

நான் அனுப்பிய வீடியோவைப் பயிற்சிக்காரர்கள் மாதிரிப் பாடமாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த அணியில் சேர்ந்த ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுப்பும்போதே நீங்கள் சம்மதித்தாயிற்று என்கிறார்கள். நிபந்தனை எதையும் படிக்காமல் சம்மதித்தவள் நான். பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள்.

அந்த அணியில் ரேடியோவின் வகுப்பு டீச்சரும் சேர்ந்திருக்கிறார். கெட்டவர் இல்லை அண்ணா. அதுதான் என்னைக் கொல்கிறது. ரொம்ப நல்ல மனுஷி. தன் வகுப்புக்கு இதைப் பற்றிப் புரியவைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். தன் வகுப்புப் பிள்ளையே வீடியோவில் இருக்கவும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்புத் திரையில் போட்டுவிட்டார். "நம்ம தோழி எவ்வளவு கஷ்டப்படறா பாருங்க. நாம எல்லாரும் அவளுக்கு உதவணும்" என்று சொல்லிவிட்டுப் போட்டிருக்கிறார். இவள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வீடியோவில் அவள் ஒரே வரியில் முட்டி மோதுவாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். கடைசியில் கேமராவைப் பார்த்து, "இதை யாருக்கும் காட்ட மாட்டீங்கல்ல அத்தை?" என்பாள். அதையும் நான் வெட்டவில்லை. வெட்டாதே என்று சொன்னார்களே. அதையும் மொத்த வகுப்பும் கேட்டது.

யாரும் கேலி செய்யவில்லை. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். பஸ்ஸில் படித்துக் காட்டுவாளே ஒரு தோழி, அவள் இப்போது சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப் போல நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படிக்கிறாளாம். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. ஆண்டு விழா அறிவிப்பாளர் வேலையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள், இவளுக்குச் சிரமம் வேண்டாமாம். காகிதமே பார்க்காமல் மேடையில் வெளுத்துக்கட்டுகிறவள் அவள். இவள் ஒரு வார்த்தை படித்தால் எல்லாரும் கை தட்ட வேண்டும் என்று டீச்சர் பழக்கியிருக்கிறார். கை தட்டி ஊக்கப்படுத்துங்கள் என்று பயிற்சியில் சொல்லித்தந்ததே நான்தான் அண்ணா. உதவிப் பயிற்றுநராக என்னுடைய முதல் பாடம் அது.

வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தொண்டை என்று உனக்கு எழுதியபோதே எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை. போன மாதம் ஒரு நாள் கரும்பலகையில் இருந்த தேதியை அவள் படித்திருக்கிறாள். அவளாகவே, தட்டித் தட்டி, சரியாக. வகுப்பே எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. "ஏண்டா கண்ணு?" என்று கேட்டேன். "கை தட்டறாங்க அத்தை" என்றாள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் போராடினேன். "இதனால எத்தனை குழந்தைகளுக்கு நல்லது நடக்குது தெரியுமா? ஒரு குழந்தைக்காக நிறுத்தலாமா?" என்கிறார் பயிற்றுநர் அம்மா. முகத்தையாவது மறையுங்கள் என்றேன். மறைத்தால் உணர்ச்சி போய்விடுமாம். உதவிப் பயிற்றுநர் வேலையை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீ வேண்டாம் என்றாய். சாலை மூடியிருந்தது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்ள முடியவில்லை. காத்திருந்திருக்கலாம்.

தங்கை

—

அக்டோபர் 27

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? பதில் இல்லை. லாரி ஓடுகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படியானால் நீதான் எழுதவில்லை. இருக்கட்டும். நடந்ததை நீ என் வாயால் கேட்பதுதான் முறை.

பயிற்சிக்காரர்கள் ஃபோன் செய்தார்கள். பிள்ளை இப்போது நன்றாக வாசிப்பதைக் காட்டி ஒரு வீடியோ கொடுத்தால், பழையதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். ரேடியோ அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பல நாள் கழித்து அவளாக வாயைத் திறந்தாள். "எடுக்கலாம் அத்தை."

மறுநாள் அவளே தலை வாரி, நீலச் சுவருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பக்கம் முழுவதையும் பிசிறில்லாமல் வாசித்தாள். அந்தப் பழைய செய்திக் குரல். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வரியில் ஓடவில்லை அண்ணா. ஒரே இடத்தில் நின்றது. பூனை வீட்டு அக்காவிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "இதைப் போட்டா அதை எடுத்துடுவாங்கல்ல?" என்றாள்.

எல்லாம் தெரிந்துதான் அனுப்பினேன். எடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

அவர்கள் எடுக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின். இதைவிடச் சிறந்த பாடம் கிடையாதாம். எனக்கு வாழ்த்து வந்திருக்கிறது. "எடுத்துட்டாங்களா?" என்று அவள் கேட்டபோது, உன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடும் இல்லை, பூனையோடும் இல்லை.

சொரசொரப்பு எழுத்துகளை எடுத்து வைத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள். மேசையில் நான் தெரியாமல் விரலால் தட்டினால்கூடத் தோள் ஒடுங்குகிறது.

திட்டியாவது ஒரு வரி எழுது.
தங்கை

—

நவம்பர் 15

தங்கச்சிக்கு,

இருக்கிறேன். மாதக் கடைசியில் விடுப்பு கிடைத்திருக்கிறது. வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் துணியை எடுத்து வை. புத்தகம் வேண்டாம்.

இங்கே மெஸ் சமையற்காரர் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் மனைவியோடு தங்கிக்கொள்வாள், காய் நறுக்கிக் கொடுப்பாள். பள்ளி இங்கிருந்து ஒரு நாள் பயணம். அதனால் பள்ளி கிடையாது. யாரும் அவளைப் படிக்கச் சொல்ல மாட்டார்கள். யாரும் கை தட்ட மாட்டார்கள். என்னைப் போல இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னால் கரண்டு எழுதுவான். ஆனால் அது உண்மை இல்லை.

நீ நல்லதற்குத்தான் செய்தாய். எனக்கும் அப்போது நல்லதற்குத்தான் செய்தார்கள்.

அண்ணன்

—

ஜனவரி 20

மதிப்புக்குரிய டீச்சரம்மாவுக்கு,

வணக்கம். நான் கரண்டு. உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். முதல் தடவையாக யாரும் சொல்லாமல் நானே எழுதுகிறேன். சொந்தமாக எழுதுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உங்கள் அண்ணனும் பாப்பாவும் சுகம். பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். பேசுவதில்லை. ரேடியோவைப் பார்க்கப் போகிறோம் என்று சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்த பையன்கள் ஏமாந்துபோனார்கள். இப்போது பழகிவிட்டது. ஊமைப் பிள்ளை என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் திருத்துவதில்லை.

டிசம்பரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒன்றையும் நான் படித்துக் காட்டவில்லை. "வை, அப்புறம் பார்க்கலாம்" என்பார் அண்ணன். பாப்பா அவற்றை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். பிரித்ததில்லை.

என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நாளை லாரியில் இறங்குகிறேன். இனிமேல் இங்கே உங்கள் கடிதத்தைப் படிக்க ஆள் இல்லை. வேறு யாரிடமும் அண்ணன் கேட்க மாட்டார், உங்களுக்கே தெரியும். அதைவிட என்னை உறுத்துவது ஒன்று. வெடி வைக்கிற நேரத்தைச் சுரங்க வாசல் பலகையில் எழுதிப் போடுவார்கள். நேரம் அடிக்கடி மாறும். சங்கு ஊதத்தான் ஊதுகிறது, ஆனால் அவர் காதுக்கு அது இப்போது எட்டுவதில்லை. இத்தனை காலம் காலையில் நான் படித்துச் சொல்லிவிடுவேன். படிக்கத் தெரியாது என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள் என்றால், என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று பாப்பாவைப் பலகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். நான் சும்மா கயிறு சுற்றுகிற மாதிரி நின்றேன். அவள் விரல் பாவாடையில் தட்டிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. படித்தாள் அம்மா, எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்தாள். உதட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் டீச்சர். உங்களிடம் சொல்லிவிட்டேன். உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்.

கரண்டு

—

பிப்ரவரி 2

கண்ணு,

நான் அத்தை.

நீ நலமா?

எழுத்தைப் பெரிதாக எழுதினேன்.

ஒரு வரியில் ஒன்றுதான் சொல்வேன்.

வரியை அட்டையால் மறை.

மெதுவாகப் படி.

யாரும் உன்னைப் பார்க்கவில்லை.

கேமரா இல்லை.

கை தட்ட ஆள் இல்லை.

நானும் இல்லை.

அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

நான் கேட்டேன்.

அவர்கள் எடுக்கவில்லை.

நான் சத்தியத்தை மீறினேன்.

என்னோடு பேச வேண்டாம்.

பதில் வேண்டாம்.

சுரங்க வாசலில் ஒரு பலகை இருக்கிறது.

வெடி வைக்கும் நேரம் அதில் இருக்கும்.

தினமும் காலையில் போ.

யாரும் இல்லாதபோது படி.

படித்ததை அப்பாவிடம் சொல்.

அப்பாவிடம் மட்டும் சொல்.

சத்தமாகச் சொல்.

அப்பாவுக்குக் காது கேட்காது.